கேட்டுட்டு வர்றேன் என்று போனவர்

கேட்டுட்டு மாமா,

வீட்டுக்குள்ளே மட்டும் கூப்பிடுகிற பேரை இன்றைக்கு மைக்கில் கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் எழுந்து வாருங்கள். வந்து என்னை நாலு பேர் முன்னால் திட்டுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் மருதையன் தம்பிக்கு வணக்கம். முப்பதாம் நாள் பூசையை முடித்த கையோடு வந்திருக்கும் எங்கள் பங்குச் சாமியாருக்குத் தோத்திரம். பாயில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெருச் சனத்துக்கும், வலங்கைமான் பக்கமிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கும் சங்கத்துக்காரர்களுக்கும் வணக்கம். கடைசியில் தூண் ஓரமாக நாற்காலியில் பண்ணைக் காரியஸ்தர் குஞ்சிதபாதம் ஐயா இருக்கிறார். அவருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் படத்துக்கு நீங்கள் ரோசாப்பூ மாலை போட்டதைப் பார்த்தேன் ஐயா. உயிரோடு இருந்தபோது நீங்கள் அவருக்கு மோர் கொடுத்த கொட்டாங்கச்சியையும் பார்த்திருக்கிறேன்.

நான் மூன்றாவது வரை படித்தவள். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதித் தந்த தாள் இது. எழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது.

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசிவிட்டார்கள். மதலைமுத்து அஞ்சாத மனுஷன் என்றார்கள். உண்மை. அவசரப்படாத மனுஷன் என்றார்கள். அதுவும் உண்மை. பிறகு மருதையன் தம்பி சொன்னார், "அண்ணன் எந்த முடிவும் அண்ணியைக் கேக்காம எடுத்ததில்லை. இந்தச் சங்கத்துக்கு மூளை அடுப்பங்கரையில இருந்துச்சு" என்று. எல்லோரும் கை தட்டினீர்கள்.

அந்தக் கைதட்டலை மடியில் கட்டிக்கொண்டு என்னால் வீட்டுக்குப் போக முடியாது. ஐந்தாறு வருஷமாக நான் அதை வாங்கிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். அவர் என்னைக் கேட்டதே இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட, "சகாயம், நீ என்ன சொல்றே?" என்று அவர் வாய் கேட்டதில்லை.

அப்படியானால் யாரைக் கேட்டார்?

அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று. என்னை எதற்காக மேடை ஏற்றினீர்கள் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை தாசில்தார் நம் தெருவுக்கு விசாரணைக்கு வருகிறார். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று கழக ஆட்சி சட்டம் போட்டிருக்கிறது. ரேடியோவில் கேட்டோம், பொதுக்கூட்டத்திலும் கேட்டோம். நம்முடைய முப்பத்திரண்டு வீடும் பண்ணை நிலத்தில் இருக்கிறது. தாசில்தார் வந்து, இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பார். நாங்கள்தான் என்று நாம் சொன்னால் எழுதிக்கொள்வார்.

அதற்குள் குஞ்சிதபாதம் ஐயா முச்சலிக்கா என்று ஒரு உறுதிப் பத்திரத்தோடு வந்தார். இந்த இடத்தை எங்கள் இஷ்டப்படி விட்டுவிட்டு மேட்டுத் திடலுக்குப் போகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. கைநாட்டு வைத்தால் ஆளுக்கு ஐந்து சென்ட், நடுவிலே கோயிலுக்கும் இடம். வைக்காவிட்டால் இந்தச் சம்பா அறுப்புக்கு வெளியூர் ஆள். கார்த்திகை மழையில் நம் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, கோழிகளைக் கூரை மேல் ஏற்றி வைத்திருந்த ஈரம் அப்போது காயவில்லை. திடலோ மேடு. யாருக்குத்தான் ஆசை வராது?

"என்ன மதலைமுத்து, வைக்கச் சொல்லட்டுமா?" என்று காரியஸ்தர் கேட்டார். என் வீட்டுக்காரர், "கேட்டுட்டு வந்து சொல்றேங்க" என்றார். சொல்லவில்லை. சொல்வதற்குள் போய்விட்டார்.

இந்த முப்பது நாளும் நீங்கள் ஒவ்வொருவராக என் வாசலுக்கு வந்தீர்கள். "அக்கா, அண்ணன் ஒங்களைக் கேட்டிருப்பாரே, நீங்க என்ன சொன்னீங்க? வைக்கலாமா, வேணாமா?" என்று கேட்டீர்கள். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். துக்கம் என்று நினைத்துத் திரும்பிப் போனீர்கள். துக்கம் மட்டும் இல்லை அது. கேட்காத பேச்சுக்கு நான் என்ன சொன்னேன் என்று சொல்வது?

அவர் யாரைக் கேட்டார் என்று சொல்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வெற்றிலைத் தட்டு மாற்றப் போகிற நேரம். என் அப்பா, "மாப்பிள்ளைக்குச் சம்மதந்தானே?" என்றார். இவர் எழுந்தார். "கேட்டுட்டு வர்றேன்" என்றார். செருப்பில்லாத காலோடு வெளியே போய்விட்டார். என் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பெத்தவளைக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டான் போலருக்கே" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்த என் அத்தை, "பெத்தவ இந்தா ஒக்காந்து வெத்தலை போடுறாளே அண்ணே, இவன் யாரைக் கேக்கப் போறான்?" என்றாள்.

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. வேறு ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்பே எனக்குப் பொறாமை ஏறிவிட்டது.

அரை நாழி கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு முழங்காலிலும் சேறு. "சரிங்க மாமா" என்றார். அவ்வளவுதான் என் கல்யாணம் முடிவான கதை.

இங்கே வந்த பிறகும் அதேதான். மாடு வாங்க வேண்டுமா, கேட்டுட்டு வர்றேன். தம்பி சண்டைக்கு வந்தானா, கேட்டுட்டு வர்றேன். விடிவதற்கு முன் எழுந்து வடக்கு வாய்க்கால் மதகுப் பக்கம் போவார். ஒரு நாள் பின்னாலேயே போனேன். வரப்பில் பனி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் கொண்டையைப் பிடிப்பதற்குக் கையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன்.

மதகுக் கல்லில் முழங்கால் போட்டு அவர் பேசிக்கொண்டிருந்தார். எதிரே தண்ணீர். வேறு யாரும் இல்லை.

செபம் செய்கிற மனுஷன் புருஷனாகக் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று சாமியார் நினைப்பார். மன்னிக்க வேண்டும் சாமி. நான் சந்தோஷப்படவில்லை. ஒரு பொம்பளையாக இருந்திருந்தால் சண்டை போட்டு விரட்டியிருப்பேன். ஆண்டவரிடம் போய் எந்தக் கொண்டையைப் பிடிப்பது? அவருக்கு முழங்கால் இரண்டும் காய்ப்புக் காய்த்துக் கறுத்துப் போயிருக்கும். வெடிப்பு விட்டால் நான்தான் தேங்காய் எண்ணெய் தடவுவேன். சக்களத்தி வீட்டுக்குப் போய்விட்டு வருகிற காலுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி இருக்கும் எனக்கு. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. கூண்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரித்துவிட்டால் என்ன செய்வது?

பிறகு கூலிச் சண்டை வந்தது. அறுப்புக் கூலியை உயர்த்தினால்தான் அரிவாள் எடுப்போம் என்று தெருவே உட்கார்ந்த வருஷம். கொடிக்கம்பத்தடியில் நம் ஆட்கள் முன்னால் குஞ்சிதபாதம் ஐயா சமரசமாக ஒரு கூலி சொன்னார். இவர் வழக்கம்போல, "கேட்டுட்டு வந்து சொல்றேங்க" என்றார்.

"யாரைய்யா கேக்கணும்? நீதானே தலைவன்? பொண்டாட்டியைக் கேக்கணுமா?" என்றார் ஐயா.

இவர் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஆண்டவரைக் கேட்கிறேன் என்று கொடிக்கம்பத்தடியில் சொன்னால் சங்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் கேலி செய்வார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. சாமி இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிற பிள்ளைகள் அவர்கள். நல்ல பிள்ளைகள்தான். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மதலைமுத்து பொண்டாட்டியைக் கேட்காமல் மூச்சு விட மாட்டான்.

அன்றையிலிருந்து எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. காத்தாயி ஒரு சட்டி கெளுத்தி மீனோடு வந்தாள். இந்தா, முன்னாலேதான் இருக்கிறாள். "அக்கா, எம் மவன் மேல பண்ணையில போட்ட பொய்க் கேசு, அண்ணங்கிட்ட ஒரு வார்த்த போட்டு வையுங்க. நீங்க சொன்னாத்தானே அவரு அசைவாரு" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? காத்தாயி, ஊர் தப்பாக நினைக்கிறது, அவர் என்னைக் கேட்பதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான், "பாக்கலாம் பாக்கலாம்" என்று சொல்லி மீனை வாங்கிக்கொண்டேன். குழம்பும் நன்றாக இருந்தது. சாப்பிடும்போது இவர், "ஏது மீனு?" என்று கேட்டார். "ஒங்க ஆண்டவரு அனுப்பினாரு" என்றேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரும் அன்றைக்குச் சிரித்தார்.

ஆனால் வீட்டுக்குள் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? கேட்கப்படாதவள் என்ன செய்வாள்? முணுமுணுப்பாள். அடுப்பைப் பார்த்துப் பேசுவாள், அம்மியிடம் பேசுவாள். நானும் பேசினேன். எதிரே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற மனுஷன் காதில் விழட்டும் என்றே பேசினேன். அவர் தலையைத் தூக்க மாட்டார். கஞ்சியைக் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்துவிட்டு, "கேட்டுட்டு வர்றேன்" என்று போய்விடுவார்.

மகளுக்குத் தஞ்சாவூரில் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தார். நான் அடுப்பிடம் சொன்னேன், "அருவா புடிச்ச கை ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும். இவளாவது பேனா புடிக்கட்டும். அழுதுக்கிட்டே இருந்தாலும் அங்கேயே கெடக்கட்டும்." மறுநாள் மதகிலிருந்து வந்து, "அனுப்புறோம்" என்றார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. நான் சொன்னதற்கு அசையாதவர், ஆண்டவர் சொன்னதும் அசைந்துவிட்டாரே.

கிழக்கே ஒரு தெருவில் நம்மைப் போன்ற ஏழைகளைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய அந்தக் கொடுமை நடந்த பிறகு, நம் பிள்ளைகள் விடியலில் அரிவாளோடு பண்ணைக் களத்துக்குப் புறப்பட்டது நினைவிருக்கிறதா? மருதையன் தம்பி, நீங்களும்தான். வேட்டியை மடித்துக்கட்டி முதல் ஆளாக நின்றீர்கள். இவர், "நில்லுங்கடா, கேட்டுட்டு வர்றேன்" என்றார். "இதுக்குக்கூடவா அண்ணியைக் கேக்கணும்?" என்று நீங்கள் கத்தினீர்கள். நான் உள்ளே முறத்தைத் தட்டிக்கொண்டு, "வெட்டப் போறவனுக்கும் ஒரு தாய் இருக்கா, வெட்டு வாங்குறவனுக்கும் ஒரு தாய் இருக்கா. நாளைக்குப் போலீசு வண்டியில ஏத்துறப்ப யாரு வயித்துல அடிச்சுக்குவா?" என்று முறத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முறத்துக்குத்தான் என்றைக்கும் என் பேச்சைக் கேட்கக் கொடுத்து வைத்திருந்தது.

மதகுக்குப் போனார். வந்தார். "வேணாம்" என்றார். "அருவா அறுக்கத்தான். போய் வைங்க" என்றார். அன்றைக்கு இந்தத் தெருவிலிருந்து ஒருவனும் சிறைக்குப் போகவில்லை, ஒருத்தியும் தாலி அறுக்கவில்லை. மறுநாள் காலையில் பத்துப் பொம்பளைகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நீங்கதான் தடுத்தீங்க, புண்ணியவதி" என்றார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் அழுதபோது எனக்கு வந்த கண்ணீர் வேறு கண்ணீர்.

இதுதான் நான் இத்தனை வருஷமாக மறைத்தது. இந்தப் பேச்சை முதலில் இந்த இடத்தோடு முடிக்கத்தான் நினைத்திருந்தேன். எங்கள் மதலைமுத்து செபம் செய்யாமல் ஒரு காரியத்திலும் இறங்காதவர், அவரைப் போல இருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று. ஆனால் முந்தாநாள் பக்கிரி அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

பக்கிரி அண்ணனை உங்களுக்குத் தெரியும். மதகு லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்குகிற சாவி அவரிடம்தான். தண்ணீர் ஓடுகிற மாதமெல்லாம் விடியலில் மதகுக்கு அந்தப் பக்கம் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் ஒருவர் சாமி கும்பிடும்போது எழுந்து நடந்தால் மரியாதையில்லை என்று அசையாமல் இருப்பாராம். இத்தனை வருஷமும் அப்படியே இருந்திருக்கிறார். கேட்டதை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்தவர் சாமியிடம் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று வைத்திருந்தார். முந்தாநாள் வாசலில் நின்று துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. ஊருல பேசிக்கிறாங்க, ஒன்னைக் கேட்டுத்தான் மச்சான் எல்லாம் செஞ்சாருன்னு."

"பேசட்டும் அண்ணே. அவரு ஆண்டவரைத்தான் கேப்பாரு. நீங்கதான் பாத்திருக்கீங்களே."

"பாத்திருக்கேன். கேட்டும் இருக்கேன். அதான் சொல்லலாமா வேணாமான்னு..."

"சொல்லுங்க."

"அவரு அங்கன வந்து ஒம் பேச்சத்தான் பேசுவாரு தங்கச்சி."

எனக்குப் புரியவில்லை. பக்கிரி அண்ணன் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "ஆண்டவரே, சகாயம் இப்புடிச் சொல்றா. அருவா புடிச்ச கை ஒண்ணு போதும்ங்குறா. அவ சொல்றது எனக்குச் சரியாத்தான் படுது. நீர் வேற மாதிரி நெனச்சா என் மனசுல போடும். இல்லேன்னா அவ சொன்னதையே செய்யறேன்." அப்படிச் சொல்லிவிட்டு ஒரு நாழி சும்மா இருப்பாராம். பிறகு முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போவாராம். ஒவ்வொரு தடவையும் இதுதானாம். வெட்டப் போறவனுக்கும் ஒரு தாய் இருக்கா என்று முறத்திடம் சொன்னேனே, அதையும் பக்கிரி அண்ணன் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். அவர் அந்த முறத்தைப் பார்த்ததே கிடையாது.

பெரியோர்களே, அப்போது நான் அழுதேன் என்று நினைப்பீர்கள். அழவில்லை. எனக்கு இன்னும் எரிந்தது. நான் சொன்னதை ஆண்டவரிடம் கொண்டுபோய்ச் சொன்ன மனுஷன், சரியாகப் படுகிறது என்று அவரிடம் சொன்ன மனுஷன், என்னிடம் சொல்லவில்லையே. மெச்சியதெல்லாம் அங்கே. என் வீட்டுக்குள் கவிழ்த்து வைத்த சொம்புதான். என் புருஷன் வாயால் எனக்கு வர வேண்டிய நல்ல வார்த்தை அத்தனையையும் ஆண்டவர் கேட்டுவிட்டார். நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இதற்குப் பொறாமைப்படாதவள் யாராவது இங்கே இருந்தால் எழுந்து நில்லுங்கள்.

எழவில்லை. நல்லது.

காரியஸ்தர் ஐயா கேலியாகக் கேட்டதுதான் உண்மையாகப் போய்விட்டது. பொண்டாட்டியைத்தான் கேட்டார். பொண்டாட்டிக்குத்தான் தெரியாது.

இப்போது திடல் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

முச்சலிக்கா வந்த அன்று மாலையே இவர் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் கோபம். முப்பத்திரண்டு வீட்டுத் தலையெழுத்து, இதற்குக்கூட என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார் என்று கோபம். முணுமுணுக்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "எல்லாத்தையும் அங்கேயே கேட்டுக்குங்க. இந்த வீட்டுல ஒருத்தி இருக்கான்னு நெனைக்காதீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அதோடு வாயைக் கட்டிக்கொண்டேன். நாலு நாள். அடுப்பிடம் பேசவில்லை. அம்மியிடம் பேசவில்லை. முறத்தைச் சத்தமில்லாமல் வைத்தேன்.

மறுநாள் மதகுக்குப் போனார், சும்மா திரும்பி வந்தார். அதற்கு மறுநாளும் போனார், சும்மா வந்தார். அவர் அப்படி வெறுமனே திரும்பி வந்ததை நான் பார்த்ததே இல்லை. ஆண்டவரும் உங்களைக் கைவிட்டாரா, வேண்டும் உங்களுக்கு என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கஞ்சி குடித்து முடித்த பிறகும் எழ மாட்டார். சொம்பைக் கவிழ்க்க மாட்டார். விறகைத் தள்ளி விடுவார். "என்ன சகாயம், தொண்டை கட்டிக்கிச்சா? ஒண்ணுமே பேச மாட்டேங்குறே" என்றார். நான் சட்டியைத் தேய்த்தேன்.

நாலாம் நாள் விடியலில் வாசலில் நின்றார். எப்போதும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறவர், அன்றைக்கு நின்றார். "கேட்டுட்டு வர்றேன்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாசலில் அவர் இல்லை.

பக்கிரி அண்ணன்தான் ஓடி வந்தார். மதகுக் கல்லில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தார். நெஞ்சு அடைத்துவிட்டது என்றார் டாக்டர். குளிப்பாட்டும்போது முழங்கால் சேற்றை மட்டும் வேறு யாரையும் கழுவ விடவில்லை. நானே கழுவினேன்.

அந்த நாலு நாளும் நான் வாய்க்குள் வைத்திருந்த பேச்சு என்ன? அதைத்தான் கேட்டு நீங்கள் முப்பது நாளாக வருகிறீர்கள். இப்போது சொல்கிறேன். குஞ்சிதபாதம் ஐயா, நீங்களும் கேளுங்கள். அந்தத் திடல் அவ்வளவு நல்ல இடம் என்றால், இத்தனை வருஷமாக எங்கள் மாட்டை அதில் கட்டக்கூட விடாத பண்ணை, தாசில்தார் நோட்டீசு வந்த வாரத்தில் அதை ஏன் கொடுக்கிறது? தருகிறேன் என்று வாயால் சொன்னீர்கள். போகிறோம் என்று மட்டும் எங்களிடம் எழுதி வாங்குகிறீர்கள். கொடுக்கிறவர் ஏன் எழுதவில்லை? திடல் யார் பேரில் இருக்கிறது என்ற பட்டாவை ஏன் காட்டவில்லை? இங்கே கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். தையில் வடிந்துவிடும். போகிறோம் என்று வைத்த கைநாட்டு எந்த மாசத்தில் வடியும்?

அவ்வளவுதான் நான் அடுப்பிடம் சொல்லாமல் விழுங்கியது.

நேற்று விடியலில் நானே மதகுக்குப் போனேன். அவர் முழங்கால் போட்ட கல் வழவழவென்று இருக்கிறது. அங்கே என் முழங்காலை வைத்தேன். "ஆண்டவரே, சகாயம் இப்புடிச் சொல்றா" என்று ஆரம்பித்து, இப்போது சொன்னதையெல்லாம் சொன்னேன். பிறகு அவரைப் போல ஒரு நாழி சும்மா இருந்தேன். மேட்டூர் அணையை இன்னும் இரண்டு வாரத்தில் அடைத்துவிடுவார்களாம், தண்ணீர் மெதுவாகத்தான் போனது. ஆண்டவர் என்னிடம் பேசினார் என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்வதை இந்த மேடையோடு விட்டுவிட்டேன். எழுந்தபோது என் மனசு மாறவில்லை. நெஞ்சில் பயமும் இல்லை. பக்கிரி அண்ணன் அந்தப் பக்கம் பீடியை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதனால் நான் கைநாட்டு வைக்க மாட்டேன். எனக்குக் கையெழுத்தே போட வரும், அதையும் போட மாட்டேன். திங்கட்கிழமை தாசில்தார் வரும்போது என் வாசலில் நான் நிற்பேன். இருபத்து மூன்று வருஷமாக நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று சொல்வேன். அறுப்புக்கு வெளியூர் ஆள் வந்தால் வரட்டும், அவர்களுக்கும் நாம்தான் கூலி பேசிக் கொடுக்க வேண்டியிருக்கும். என்னோடு நிற்பவர்கள் நில்லுங்கள். ஆனால் சகாயம் சொன்னாள் என்று நிற்க வேண்டாம். இன்றைக்கும் நாளைக்கும் கேளுங்கள். சாமி உள்ளவர்கள் முழங்கால் போட்டுக் கேளுங்கள். சாமி இல்லாத பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மாவாவது இருங்கள். இரண்டு பேரும், போவதற்கு முன்னால் வீட்டில் அடுப்பு ஊதுகிறவளையும் கேளுங்கள். காது கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரிகிற மாதிரிக் கேளுங்கள். மதலைமுத்து நடத்திய சங்கத்தை அவர் நடத்திய மாதிரியே நடத்துவோம். அவர் செய்யாமல் விட்ட அந்த ஒன்றையும் சேர்த்து நடத்துவோம். இதுதான் நான் தருகிற வாக்கு.

என் மகள் எழுதிய தாள் இதோடு முடிகிறது. இனி சொல்வது உங்களுக்கு இல்லை.

மாமா, எத்தனையோ தடவை என் பேச்சை மடியில் கட்டிக்கொண்டு அந்தக் கல்லுக்குப் போனீர்கள். அந்த நாலு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குத்தான் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தரவில்லை. அன்றைக்கு வாசலில் அத்தனை நேரம் நின்றீர்கள், அப்போதும் தரவில்லை. வெறுங்கையோடு போய் முழங்கால் போட்டு, சகாயம் என்ன சொல்றான்னு ஆண்டவரு கேட்டப்ப, நீங்க என்ன சொன்னீங்க மாமா?